பல ஊர்களுக்கு ஒரே வடிகால் கணக்கு: ‘ஸ்விம்’ 5.2 மதிப்புரை

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் மழைநீர் வடிகால் மென்பொருள் எஸ்.டபிள்யூ.எம்.எம்.; பேச்சில் ‘ஸ்விம்’. முதலில் 1971-இல் வந்தது, 5.2 பதிப்பு 2022-இல் வெளியானது. ஒரே ஊரின் வடிகாலுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஒரே ஓடையில் தண்ணீர் விடும் நான்கைந்து உள்ளாட்சிகள் சேர்ந்து பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பெரிய பலம் அதன் கோப்பு. எல்லாத் தரவும் சாதாரண எழுத்துக் கோப்பில் இருப்பதால், பக்கத்து ஊர் எந்தக் குழாயின் அளவை மாற்றியது என்று வரிக்கு வரி ஒப்பிடலாம். உரிமம் வாங்க முடியாத சிறிய ஊராட்சியும் அதே கோப்பைத் திறந்து சரிபார்க்கலாம்.

சிக்கல் ஊர் எல்லையில் வருகிறது. மேல்மடை ஊர் தன் கணக்கின் முடிவை ‘ரூட்டிங் இன்டர்ஃபேஸ் ஃபைல்’ ஆகச் சேமித்தால், கடைமடை ஊர் அதைத் தன் வரத்தாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் அந்த எல்லை முனையின் (குழாய்கள் சேரும் அல்லது முடியும் புள்ளி) பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். வசதிதான், ஆனால் இது ஒருவழிப் பாதை. கீழே ஓடை நிரம்பித் தண்ணீர் எதிர்த்து ஏறுவது மேலே தெரியவே தெரியாது. எல்லை முனையை ‘ஃப்ரீ’ (கீழே தடையில்லை) என்று விட்டிருந்தால், மேல்மடைக் கணக்கில் தண்ணீர் தடையில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், தண்ணீர் தாராளமாக விழும் தடுப்பணை போன்ற இடத்தில் பிரியுங்கள். வருவாய் எல்லைக் கல் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

இதைவிட மோசமானது இன்னொன்று. பொங்கும் தண்ணீரை முனையின் மேல் தேங்கவிடும் ‘அலோ பாண்டிங்’ தேர்வு அணைந்திருந்தால், மேன்ஹோலிலிருந்து பொங்கும் தண்ணீர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். மேல் ஊர் எவ்வளவு மூழ்குகிறதோ, அவ்வளவுக்குக் கீழ் ஊர் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் அந்தத் தண்ணீர் தெருவழியே ஓடிக் கடைமடை வீடுகளுக்குள் புகுகிறது. அறிக்கையில் இப்படிக் காணாமல் போன தண்ணீரைச் சொல்லும் ‘ஃபிளடிங் லாஸ்’ வரியைக் கட்டாயம் பாருங்கள். தேர்வை இயக்கி, முனைக்குத் தேங்கும் பரப்பும் கொடுத்தால் தண்ணீர் அங்கேயே நின்று திரும்ப இறங்கும், தெருவில் ஓடாது. தெருவில் ஓடுவதைக் காட்டத் தெருவையே ஒரு கால்வாயாக வரைய வேண்டும். 5.2-இல் புதிதாக வந்த தெரு, நீர்வாங்கி (தெருத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாய்) வசதிகள் இதற்கு உதவுகின்றன. புதுப் பதிப்புக்கு மாற இது ஒன்றே போதும்.

ஆகவே எல்லா ஊர்களின் கோப்புகளையும் ஒன்றாக்கி, எதிர்த்து ஏறும் தண்ணீரையும் கணக்கிடும் ‘டைனமிக் வேவ்’ முறையில் ஓட்டுவதே சரி. எளிய முறையான ‘கைனமேடிக் வேவ்’ அதைக் காட்டாது. ஒன்றாக்கும் முன் அலகுகளைச் சரிபாருங்கள். அலகை மாற்றினால் மென்பொருள் பழைய எண்களை மாற்றாது. 3 அடிக் குழாய் 3 மீட்டர் குழாயாகிவிடும். குழாயின் உயரத்தை ஓர் ஊர் முனையின் அடிமட்டத்திலிருந்து 0.3 மீட்டர் என்றும், இன்னோர் ஊர் கடல்மட்டத்திலிருந்து 42.3 மீட்டர் என்றும் எழுதியிருக்கும். இந்த இரண்டில் எது என்று சொல்லும் ‘லிங்க் ஆஃப்செட்’ தேர்வை மாற்றும்போது, எண்களையும் மாற்றட்டுமா என்று மென்பொருள் கேட்கும். ஒன்றாக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். உயரம் அளக்கத் தொடங்கும் சர்வே மட்டக்கல் ஊருக்கு ஊர் வேறுபட்டால் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது, களத்தில் அளந்துதான் திருத்த வேண்டும். முனைப் பெயர்களுக்கு ஊர் முன்னொட்டு வையுங்கள்; இல்லையென்றால் எல்லா ஊரிலும் ஒரு ‘ஜே1’ இருக்கும். செய்ததைத் திரும்பப் பெறும் ‘அன்டூ’ கிடையாது, அதனால் ஒவ்வொரு படியிலும் தனிப் பிரதி.

மழைத் தரவிலும் இதே கதை. 5 நிமிடத்தில் 4 மி.மீ. என்றால் மணிக்கு 48 மி.மீ. வேகம். ‘வால்யூம்’ (அந்த இடைவெளியில் பெய்த அளவு) என்று குறிக்க வேண்டியதை ‘இன்டென்சிட்டி’ (மணிக்கு வேகம்) என்று விட்டால் மழை பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரே மழைமானியை எல்லா ஊருக்கும் கட்டாதீர்கள். ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக்கும் தனி மானி தர முடியும்.

10 மீட்டர் கல்வெர்ட்டை (சாலைக்கு அடியில் போகும் நீர்வழி) அலை சுமார் 2 நொடியில் கடந்துவிடும். கணக்கு இடைவெளி 20 நொடியாக இருந்தால் முடிவு அலைபாயும்; இடைவெளியைத் தேவைக்கேற்பக் குறைக்கும் ‘வேரியபிள் ஸ்டெப்’ இயக்கத்தில் இருக்கட்டும். தொடர்ச்சிப் பிழை (வந்த தண்ணீருக்கும், வெளியேறியதும் தேங்கியதும் சேர்ந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்) 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். பல ஊர்களின் பணத்தை முடிவுசெய்யும் கணக்குக்கு 2 சதவீதமே அதிகம் என்பது எங்கள் கருத்து.

இத்தனை உழைப்புக்கும் பலன் தேக்கக் குளங்களை முடிவுசெய்யும்போது கிடைக்கிறது. மேல் ஊர் கட்டும் குளம், அங்கிருந்து கீழே போகும் உச்ச நீரோட்டத்தைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம், பெரிய ஓடையின் உச்சம் சங்கமத்துக்கு வரும் நேரத்தோடு ஒத்துப்போனால் கீழே வெள்ளம் கூடும். குளம் இல்லாமல் ஒருமுறை, குளத்தோடு ஒருமுறை ஓட்டி, சங்கமத்தில் நேரத்தோடு நீரோட்டம் மாறும் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தனித்தனிக் கோப்பு வைத்திருக்கும் எந்த ஊருக்கும் அந்தப் படம் கிடைக்காது.