கேப்பிட்டல் லெட்டர்: பட்டியலா, திருத்தலா, டிக்டேஷனா?

தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பேதமே கிடையாது. அதனால் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் கேப்பிட்டல் லெட்டர் முற்றிலும் புதுப் பழக்கம். அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

முதலாவது, விதிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பது. வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, மாதம் என்று ஒரே பீரியடில் முடித்துவிடலாம். கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பார்கள்; கட்டுரை எழுதச் சொன்னால் ‘மண்டே’ சின்ன எம்மில் வந்து நிற்கும். ஆனாலும் பட்டியலை ஒதுக்கிவிட முடியாது. ஏப்ரலுக்குப் பெரிய எழுத்து, சம்மருக்குச் சின்ன எழுத்து. இங்கிலீஷுக்குப் பெரியது, மேத்ஸுக்குச் சின்னது. இதையெல்லாம் யாரும் யூகித்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் தரவேண்டும்.

இரண்டாவது, எல்லாமே சின்ன எழுத்தில் இருக்கும் பத்தியைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது. பயிற்சித்தாள்களில் அதிகம் வருவது இதுதான். பிள்ளைகளும் விளையாட்டாகச் செய்வார்கள். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: விடுபட்டதைத் தேடத்தான் இது பழக்குகிறது. நம் பிள்ளைகள் செய்யும் தப்பில் இன்னொரு வகை, தேவையில்லாத இடத்தில் பெரிய எழுத்தைப் போடுவது. விண்ணப்பப் படிவங்களில் பெயரை முழுக்கப் பெரிய எழுத்திலேயே நிரப்பச் சொல்கிறோம்; பிள்ளை வாக்கியத்துக்குள்ளும் அப்படியே எழுதுகிறது. ஆகவே கூடுதலாகப் போட்டதையும் கலந்து கொடுத்தால்தான் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு.

மூன்றாவது டிக்டேஷன். என் ஓட்டு இதற்குத்தான். ‘ஐ மெட் கவிதா இன் மதுரை ஆன் சண்டே’ என்று வாசித்தால், நான்கு இடத்தில் பெரிய எழுத்து வரவேண்டும். எங்கே என்று காது சொல்லாது, பிள்ளையே முடிவு செய்யவேண்டும். சொந்தமாக எழுதும்போதும் அதே வேலைதானே. தினம் மூன்று வாக்கியம் போதும். குறை என்னவென்றால், திருத்துவதற்குள் ஆசிரியருக்குக் கை ஓய்ந்துவிடும். பக்கத்துப் பிள்ளையோடு நோட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால் பாரம் கொஞ்சம் குறையும்.

எந்த வழியானாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றுக்குப் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவுதான் வேறு. நாலு கோடு நோட்டில் சரியாக எழுதிய பிள்ளை, ஒற்றைக் கோடு நோட்டுக்கு மாறியதும் அளவைத் தொலைத்துவிடும். அது கையெழுத்துச் சிக்கல். அதற்கு விதியை இன்னொரு தடவை ஒப்பிக்கவைப்பது வீண்வேலை; நாலு கோடு நோட்டையே இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லலாம்.

மூன்றாம் வகுப்பென்றால் பிள்ளையின் பெயர், இனிஷியல், ஊர்ப்பெயர் இவற்றை வைத்து டிக்டேஷனில் தொடங்குவேன். எட்டாம் வகுப்பென்றால் கலப்புப் பத்தி. சம்மர், மேத்ஸ் மாதிரி இடறும் இடங்களுக்கு மட்டும் பட்டியல்.