பேர் போடாத பொட்டலத்தில் மீன் மருந்து வாங்காதீர்கள்

நவம்பரில் கொளத்தூர் மீன் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு ஒரு ஹாஃப்மூன் ஃபைட்டர் மீன் வாங்கினோம். மயில் கழுத்து நீலம். வாலை விரித்தால் விசிறிதான். மகள் ராஜா என்று பேர் வைத்தாள். 10 லிட்டர் தொட்டி, சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், கலர் கல் எல்லாம் அந்தக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். “இன்னைக்கே தண்ணி ஊத்தி இன்னைக்கே மீனை விடலாம்க்கா” என்றார். விட்டோம்.

மூன்றாவது வாரம் வால் ஓரம் எலி கடித்த துணி மாதிரி ஆகிவிட்டது. பிய்ந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு, அதை ஒட்டிச் சிவப்பு. தீனி உருண்டையை வாயில் வாங்கித் துப்பியது. துடுப்புகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு ஃபில்டருக்குப் பின்னால் சாய்ந்தே கிடந்தது.

போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ஐந்து விநாடி பார்த்திருப்பார். ஒரு பாட்டில் நீல மருந்து, ஒரு மஞ்சள் பொடி, அப்புறம் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்த வெள்ளைப் பொடி. கவரில் பேர் இல்லை, தேதி இல்லை, எவ்வளவு போட வேண்டும் என்றும் இல்லை.

“இது என்ன மருந்துங்க?”

“ஆல் இன் ஒன்க்கா. ஃபாரின் ஐட்டம், நாங்க பிரிச்சுத் தர்றோம். தண்ணிய ஃபுல்லா மாத்திடுங்க. ஸ்பாஞ்சை பைப்புல நல்லா கசக்கிக் கழுவுங்க. மூணையும் சேர்த்தே போடுங்க.”

780 ரூபாய். பில் கேட்டதற்குச் சிரித்தார். தொட்டி வைத்து எத்தனை நாள், என்ன தண்ணீர், எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை.

சொன்னபடியே செய்தேன். தொட்டி மைக்கூடு மாதிரி ஆனது. கண்ணாடி ஓரத்துச் சிலிக்கான் இன்றைக்கும் நீலம்தான். இரண்டாம் நாள் ராஜா மேலேயே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. போன் செய்தால், “ஃபைட்டர் மேல வந்துதான் காத்து குடிக்கும்க்கா, நல்ல அறிகுறி.” பாதி உண்மை. இந்த மீன் காற்றை நேராகவே சுவாசிக்கும்; அவ்வப்போது மேலே வந்துவிட்டுப் போகும். அங்கேயே கிடந்து திணறினால் செவுளில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். நான்காம் நாள் காலை தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தது.

எங்கள் இரண்டாம் மாடித் தம்பி கப்பி மீன் வளர்ப்பவன். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டோடு வந்தான். நீலத் தண்ணீரில் கலர் சரியாகத் தெரியாது என்று, கறிவேப்பிலைச் செடிக்காக நான் வாளியில் எடுத்து வைத்திருந்த தொட்டியின் பழைய தண்ணீரில் சொட்டு விட்டுக் குலுக்கினான். மஞ்சளாகவே இருக்க வேண்டியது நல்ல பச்சையாகிவிட்டது. “அமோனியா ஆன்ட்டி. நோய் தண்ணில இருந்திருக்கு.”

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது அமோனியா. வாலையும் செவுளையும் அரித்துவிடும். அதைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேறி முடிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அப்படிக் குடியேறிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைத்தான் நான் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தேன். தப்பியதை நீல மருந்து பார்த்துக்கொண்டது.

உங்கள் ஃபைட்டருக்கு வால் அழுகினால் முதலில் தினமும் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் விட்டு, தொட்டித் தண்ணீரின் அதே சூட்டில். மார்கழி இரவென்றால் 26 டிகிரியில் ஹீட்டர் வையுங்கள். ஆரம்ப நிலை என்றால் பல நேரம் இதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் தனி டப்பாவில் ஒரே ஒரு மருந்து, பேரும் அளவும் அச்சடித்த பாட்டிலிலிருந்து.

மிச்சம் இருந்த பொடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “மருந்து ரிட்டர்ன் இல்லக்கா. ஃபைட்டர்லாம் ஆறு மாசம்தான்” என்றார். (ஒழுங்காக வைத்தால் இரண்டு மூன்று வருஷம் இருக்கும்.) “வேற பீஸ் எடுத்துக்கோங்க, அம்பது ரூபா குறைச்சுக்கறேன்” என்று பிளாஸ்டிக் டம்ளர் வரிசையைக் காட்டினார். மேல் வரிசையில் ஒரு சிவப்பு ஃபைட்டர். அதன் வால் ஓரத்திலும் அதே கறுப்புக் கோடு.