விசிறியா, புளோயரா, கம்ப்ரசரா: பெங்களூரில் 1 கிலோவாட் எரிபொருள் கலத்துக்கு எது?

அல்சூரில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர், டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு 1 கிலோவாட் ஹைட்ரஜன் எரிபொருள் கலம் பொருத்தலாமா என்று கேட்டார். பேச்செல்லாம் சிலிண்டரைப் பற்றித்தான். எனக்கோ காற்றுதான் கவலை. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வினைபுரிந்துதான் இந்தக் கலம் மின்சாரம் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் காற்று வேண்டும். வினைக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு இது. அப்படிக் கொடுத்தால்தான் ஆக்சிஜன் எல்லா மூலைக்கும் எட்டும். எரிபொருள் கலம் என்பது பல சிறு கலங்களின் அடுக்கு; அதில் ஆக்சிஜன் எட்டாத ஒரு சிறு கலத்தின் மின்னழுத்தம் சரிந்து எதிர்த்திசைக்கே போய்விடலாம்.

சாதாரண விசிறியால் காற்றைச் செலுத்தும் வகை மலிவு, எளிமை. ஆனால் ஒரே காற்றுதான் ஆக்சிஜனையும் தர வேண்டும், சூட்டையும் தணிக்க வேண்டும். சூடு தணிக்க வேண்டிய காற்று, வினைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. மார்ச் மாத நண்பகலில் பெங்களூரின் வறண்ட காற்று அவ்வளவு வேகமாகப் பாய்ந்தால் கலத்தின் நடுவிலுள்ள மெல்லிய சவ்வு உலர்ந்துவிடும். ஈரமில்லாத சவ்வு, ஹைட்ரஜனிலிருந்து பிரியும் புரோட்டான்களைக் கடத்தாது. விசிறியைக் குறைத்தால் கலம் சூடாகும். இந்த இழுபறிக்கு விசிறி வகையில் தீர்வே இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. வாகனப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு, கலத்துக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்கும். அதைப் பிடிக்கச் செயலூட்டிய கரி வடிகட்டி வேண்டும். சிறு விசிறியால் அந்த வடிகட்டியின் தடையைத் தாண்டி அவ்வளவு காற்றை இழுக்க முடியாது.

குழாய் வழியே காற்றை அழுத்தித் தள்ளும் புளோயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வினைக்கான காற்று தனி, குளிர்விக்கும் நீர் தனி. வெளியேறும் ஈரக் காற்றிலிருந்தே ஈரத்தை மீட்டு உள்ளே வரும் காற்றுக்குத் தரலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. சென்னையில் சரியாக இருந்த புளோயர் இங்கே அதே சுழல் வேகத்தில் அந்த அளவு ஆக்சிஜனைத் தராது. சற்றுப் பெரியதாக வாங்க வேண்டும்.

காற்றை உயர் அழுத்தத்துக்குச் சுருக்கும் கம்ப்ரசர் கார்களுக்கு உரியது. அழுத்தம் கூடினால் சிறிய கலத்திலும் அதிகத் திறன் கிடைக்கும், ஆனால் அதில் கணிசமான பங்கைக் கம்ப்ரசரே தின்றுவிடும். 1 கிலோவாட்டில் அது வீண்.

தூய ஆக்சிஜன் விண்வெளி போன்ற காற்றில்லாத இடங்களுக்குத்தான். 2024 ஜனவரியில் ராக்கெட்டின் கடைசிப் பகுதியையே சுற்றுப்பாதையில் சோதனைக்களமாக்கிய இஸ்ரோவின் போயம்-3 மேடையில் சோதித்த கலம், உயரழுத்தக் கலன்களில் நிரப்பிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு 180 வாட் தந்தது. அங்கே வேறு வழியில்லை. எண்ணெயும் தீப்பொறியும் உள்ள பட்டறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவர நான் சம்மதிக்கவில்லை.

புளோயரையே வாங்கச் சொன்னேன். காற்றுக் குழாயின் வாயைத் தெருப் பக்கம் வைக்காமல், பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் புகை எட்டாத மொட்டைமாடி மூலையில் வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.