ஓரத்தில் இடம் விட்ட வேதாகமம்: 14 மாதம் பயன்படுத்திய பிறகு

பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அச்சடித்த வேதாகமம் இது. பழைய மொழிபெயர்ப்பு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, நடுவில் ஒத்த வாக்கியங்கள் (அதே பொருள் வரும் மற்ற வசனங்களின் குறிப்பு), பின்னால் ஒரு பொருளடைவும் அருஞ்சொல் பட்டியலும், கடைசியில் 52 வாரத்துக்கான சுயபரிசோதனைப் பக்கங்கள். வாழ்க்கையையும் சமுதாயத்தையும் வேதத்தின் அளவால் அளந்து பார்க்கிறவர்களுக்கென்று முன்பக்கத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன். வெளியிட்டவர்களின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் வேறு பலரும் வெளியிடுகிறார்கள், நான் சொல்லும் குறைகளும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான் கட்டட வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். அளப்பது என்ற பேச்சை எடுத்தால் எனக்கு வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 7-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆண்டவர் தூக்குநூலைக் கையில் பிடித்தபடி மதிலின்மேல் நிற்கிறார். வேலையிடத்தில் அதைத் தூக்குக்குண்டு என்போம். மேலே கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, குண்டைக் கீழே இறக்கி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். காற்றடித்தால் உடம்பால் மறைத்து நிற்க வேண்டும். குண்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் சுவர் மேலே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு முட்டி நூல் வளைந்தால் அடி வெளியே தள்ளியிருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்லும். சுவரைத் திருத்துவது அதன் வேலை இல்லை. ஆனால் அதைப் பிடிக்காமல், "கண்ணுக்கு நேராத்தான் தெரியுது" என்று சொல்லி எழுப்பிய சுவர்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அதனால் இந்தப் புத்தகத்தை நான் பார்த்ததும் அந்தக் கண்ணோடுதான். தூக்குநூலை யாருடைய சுவரில் பிடிக்க வைக்கிறது? ஆட்டம் அடங்கும்வரை நிற்க வைக்கிறதா?

முதல் மூன்று மாதம் நான் அதை மற்றவர்கள் சுவரில்தான் பிடித்தேன். காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு வேதத்தைத் திறப்பேன். லஞ்சம் என்று செய்தி வந்தால் யாத்திராகமம் 23:8 ஓரத்தில் தேதி எழுதுவேன். பொய்ச்சாட்சி, குடும்பச் சண்டை, சபைக்குள் பதவிப் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் கிடைத்தது, ஓரமும் நிறைந்தது. பிறகு ஒரு நாள் பின்னோக்கிப் புரட்டினேன். 41 குறிப்புகள் எழுதியிருந்தேன். அதில் என்னைப் பற்றியவை இரண்டு. அந்த இரண்டும் நான் நன்றாக நடந்துகொண்டதைப் பற்றியவை.

அந்த இடத்திலிருந்து என்னைத் திருப்பியது ஒத்த வாக்கியங்கள்தான். இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான், ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு செல்வந்தர் பணியாளர்களுக்குக் கூலி தராமல் ஏமாற்றிய செய்தியைப் படித்துவிட்டு யாக்கோபு 5:4-ஐ எடுத்தேன். வயலை அறுத்தவர்களின் கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்ற வசனம். அவரை நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். நடுப்பத்தியில் நான்கு இடங்கள் குறித்திருந்தன. லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15, எரேமியா 22:13, மல்கியா 3:5. வரிசையாகத் திருப்பினேன். லேவியராகமத்தில் கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்றிருக்கிறது. உபாகமத்தில் இன்னும் நெருக்கம்: பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான். பிறகு எரேமியா. அது வீடு கட்டுகிறவனைப் பற்றியது. விசாலமான மேலறைகள், அகன்ற ஜன்னல்கள், கேதுரு மரம், சிவப்பு வர்ணம் எல்லாம் உண்டு, வேலை செய்த அயலானுக்குக் கூலி மட்டும் இல்லை.

அங்கே என் கை நின்றுவிட்டது. ஏனென்றால் நான் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் கூலியைப் பிடித்து வைப்பது வழக்கம். அடுத்த வாரம் வேறொருவரிடம் வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை, வேலை முடிந்ததும் கணக்குத் தீர்த்துவிடுவேன். இந்தத் தொழிலில் பலர் செய்வதுதான், நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். ஆனால் வசனம் ஏமாற்றுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. விடியற்காலம், பொழுது போகுமுன்னே. அந்த அளவில் என் சுவர் சாய்ந்திருந்தது, வருடக்கணக்காக.

அடுத்த சனிக்கிழமை பாக்கி வைக்காமல் எல்லோருக்கும் முழுக் கூலியையும் கொடுத்தேன். பல வருடம் என்னிடம் வேலை செய்கிற சித்தாள் ஒருவர் பணத்தை எண்ணிப் பார்த்தார். உடனே போகாமல் அங்கேயே நின்றார். "வேலை முடிஞ்சிருச்சா முதலாளி? நான் இனிமே வர வேண்டாமா?" என்று கேட்டார். முழுக் கூலி கைக்கு வந்தால் வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி அவரைப் பழக்கியது நான்தான். இல்லையம்மா, திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். எந்தப் பிரசங்கமும் இதுவரை என்னை அந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

சரி, ஒத்த வாக்கியங்களுக்கு வருகிறேன். இன்னொரு சங்கிலியையும் சொல்ல வேண்டும். வரி வசூலிக்கும் சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திரும்பக் கொடுப்பதாகச் சொல்லும் லூக்கா 19:8-இலிருந்து யாத்திராகமம் 22:1-க்கு அனுப்புகிறார்கள். திருடிய ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு என்ற சட்டம் அது. அங்கிருந்து 2 சாமுவேல் 12:6. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கியவன் நாலத்தனையாகத் திருப்பித் தரவேண்டும் என்று தாவீது ராஜா கோபத்தோடு தீர்ப்புச் சொல்கிறார், அடுத்த வசனத்திலேயே நாத்தான் தீர்க்கதரிசி, "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீது அளந்த அளவில் பிழையே இல்லை. அளக்கப்படுவது தன் சுவர் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மூன்று வசனத்தையும் தனித்தனியாக நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இணைத்துப் படித்தது இந்த நடுப்பத்தியால்தான்.

இதே ஏற்பாடு ஆமோஸ் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களிலும் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருந்த ஆறு ஜனங்களையும் ஆமோஸ் முதலில் அளக்கிறார். கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள். பிறகு யூதா, கடைசியில் இஸ்ரவேல். ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்களே. சமுதாயத்தை அளக்கக் கூடாது என்று வேதம் சொல்லவில்லை. உத்திரத்தையும் துரும்பையும் பற்றி இயேசு சொன்ன இடத்திலும், முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் இருக்கிறது. துரும்பை விட்டுவிடு என்று இல்லை. உத்திரம் என்றால் என்ன கனம் என்று எனக்குத் தெரியும், ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது.

இனி குறைகள்.

பொருளடைவுதான் பெரிய ஏமாற்றம். குடி, விபசாரம், விக்கிரகாராதனை, கோபம், பொய் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நல்லது, வேண்டியதுதான். ஆனால் கூலி என்று தேடினால் இல்லை. வட்டி இல்லை. தராசு இல்லை. அந்நியன், பரதேசி இல்லை. மல்கியா 3:5-ஐ எடுத்துப் பாருங்கள். சூனியக்காரரும் விபசாரரும் பொய்யாணை இடுகிறவர்களும் கூலியை அபகரிக்கிறவர்களும் ஒரே வசனத்தில், ஒரே தீர்ப்பின் கீழ் நிற்கிறார்கள். பொருளடைவு செய்தவர்கள் அந்த வசனத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். நாம் எந்தப் பாவங்களைத் தேடிப் பழகியிருக்கிறோமோ அவற்றுக்குத்தான் தலைப்பு வைக்கத் தோன்றும். ஆனால் இதைப் பிடித்துத் தன்னை அளந்து பார்க்கிற ஒரு வியாபாரியோ முதலாளியோ, தான் நேராகத்தான் நிற்கிறோம் என்று நம்பிவிடுவார். தலைப்புகளுக்குக் கீழே கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள். அதில் நானே கூலி என்று எழுதி 11 வசனங்களைச் சேர்த்திருக்கிறேன்.

சுயபரிசோதனைப் பக்கங்களும் எனக்கு உதவவில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம், பொறுமை, ஜெபம், நாவடக்கம், கொடுத்தல் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்கிறது. பக்கத்தின் அடியில் 'என் சமுதாயம்' என்று இன்னொரு கட்டம், அதற்கும் மதிப்பெண். ஏழு வாரம் போட்டுப் பார்த்தேன். எனக்கு எப்போதும் 7 அல்லது 8 வந்தது, சமுதாயத்துக்கு 3-க்கு மேல் வந்ததே இல்லை. கூலியைப் பிடித்து வைத்திருந்த அதே வாரங்கள் அவை. சுவருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எங்கே, எவ்வளவு விலகியிருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். எசேக்கியேல் 13-இல் பலமில்லாத சுவருக்குச் சாரமற்ற சாந்தைப் பூசுகிறவர்களைப் பற்றி வருகிறது. அந்தக் கட்டங்களை நிரப்பியபோது நான் செய்தது அதுதான். இப்போது அந்தப் பக்கங்களில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, யாருக்கு என்ன பாக்கி, யாரிடம் என்ன பேசிவிட்டேன் என்று பெயரும் தேதியும் எழுதுகிறேன். கட்டம் சின்னது, ஒரு வரிதான் பிடிக்கும்.

அருஞ்சொல் பட்டியல் சிறியது, ஆனால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். எசேக்கியேல் 16:49-இல், அழிக்கப்பட்ட நகரமான சோதோமின் அக்கிரமமாக வரும் 'நிர்விசாரமான சாங்கோபாங்கம்' என்றால் கவலையற்ற சுகவாழ்வு என்று இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெருமை, வயிறாரச் சாப்பாடு, கவலையற்ற சுகம், அதோடு எளியவனின் கையைப் பலப்படுத்தாதது. சோதோம் என்றதும் நான் வேறொன்றை மட்டுமே நினைத்திருந்தேன். அதேபோல் 2 இராஜாக்கள் 22-இல் வரும் 'கொற்றர்' எங்கள் கொத்தனார்கள்தான். ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோதுதான் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. வேலையாட்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் பணக் கணக்குக்கூடக் கேட்கவில்லை என்று 7-ஆம் வசனம் சொல்கிறது. யோசியா ராஜா அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, முதலில் 'எனக்காகவும்', அதன் பிறகு 'ஜனத்திற்காகவும்' விசாரிக்கச் சொல்கிறார். எரேமியா 22-இல் கூலி கொடுக்காமல் அரண்மனை கட்டுகிறவன் அந்த யோசியாவின் மகன். இந்தத் தொடர்புக்கு ஒத்த வாக்கியம் கொடுக்கவில்லை. அடுத்த பதிப்பில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

காகிதம் மிக மெல்லியது. மைப் பேனா, ஜெல் பேனா இரண்டும் மறுபக்கம் ஊறிவிடும், மத்தேயு 7-இல் எழுதியது அடுத்த பக்கத்தில் தெரிகிறது. பென்சில் போதும், அல்லது ஊறாத மையுள்ள மெல்லிய முனைப் பேனா. முதலில் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தைத்த கட்டு என்பதால் நடுவில் எங்கே திறந்தாலும் படிந்து நிற்கிறது, ஆதியாகமத்தின் முதல் பக்கங்கள் மட்டும் மூடிக்கொள்கின்றன. வாங்கும்போது முதுகைப் பாருங்கள். பசை மட்டும் போட்ட கட்டாக இருந்தால், ஒரு வருடம் தினமும் புரட்டினால் தாங்காது. எழுத்து சிறியது. ஒத்த வாக்கியங்களை வாசிக்க எனக்குக் கண்ணாடியோடு வெளிச்சமும் வேண்டியிருக்கிறது.

ஓரம் அகலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்க நினைத்தால் ஒரு சாதாரண வேதாகமமும் நோட்டும் போதும். ஒரு வசனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பொறுமையாகத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அவசரமாக ஒரு வசனத்தை எடுத்து யார் மேலாவது வீச நினைக்கும் நாளில் இது கையில் இருந்தால் நல்லது. பின்னாலிருக்கும் கட்டங்களை விட்டுவிடுங்கள்.

இப்போது உபாகமத்தில் இருக்கிறேன். 22:8-இல் புது வீடு கட்டினால் மெத்தையிலிருந்து (மொட்டைமாடியிலிருந்து) யாரும் விழாதபடி கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்றிருக்கிறது. கட்டிக் கொடுக்கும் வீடுகளுக்கு நான் அதை எப்போதும் விட்டதில்லை. ஆனால் வீடு முடிவதற்கு முன்னால் சாரத்தின்மேல் நிற்கிறவர்களுக்கு என்ன வைத்திருக்கிறேன் என்று அந்த ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினேன். இப்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. இரண்டு இடத்தில் வலையும் இடுப்புப் பட்டையும் வந்துவிட்டன, தேதி எழுதியிருக்கிறேன். மூன்றாவது இடத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் அந்த வரிக்கு எதிரே ஓரம் இன்னும் காலியாக இருக்கிறது.