விண்வெளி நேரலைகள்: யார் நன்றாகக் காட்டுகிறார்கள்?

தொலைக்காட்சி விற்கும் கடைகளில் நாள் முழுவதும் ஓடும் காணொளிகளில் பூக்களும் கிளிகளும் அருவிகளும்தான் இருக்கும். வண்ணம் நிறைந்த, நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சிகளில் எந்தத் தொலைக்காட்சியும் அழகாகத்தான் தெரியும். வாங்கப் போகிறவர் உண்மையில் கேட்க வேண்டியது, இரவில் ஏவப்படும் ஒரு ராக்கெட்டின் காணொளியைத்தான். கரிய வானம், கண் கூசும் சுடர், அந்தச் சுடரின் ஒளியில் பல சாயல்களாக விரியும் புகை, திரையின் ஓரத்தில் நொடிக்கு நொடி மாறும் சிறிய எண்கள் ஆகிய அனைத்தும் ஒரே சட்டகத்தில் சேரும்போது, மலிவான திரையும் அவசரமாகச் சுருக்கி அனுப்பப்பட்ட காணொளியும் தம்மைத் தாமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அனுப்புகிறவர் எதைக் காட்டுகிறார் என்பதே முதல் கேள்வி. இன்று கட்டணமின்றி வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய விண்வெளி நேரலைகளில் இஸ்ரோ, நாசா, அமெரிக்கத் தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. மூன்றையும் ஒரு பார்வையாளருக்குக் கிடைக்கும் சேவை என்ற அளவில் மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். அவற்றின் அறிவியல் சாதனைகளுக்கு மதிப்பெண் போடும் தகுதி எனக்கு இல்லை. படம் எப்படி வந்தது என்று சொல்லும் தகுதி தொலைக்காட்சி பார்க்கும் எல்லோருக்கும் உண்டு.

இஸ்ரோவின் சிறந்த ஒளிபரப்பு 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலையில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது. சந்திரயான்-3 தரையிறங்கியபோது யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அத்தனை பேர் பார்த்த அந்த ஒளிபரப்பில் நிலவிலிருந்து நேரடியாக வந்த படம் ஒன்றுகூட இல்லை. கணினியில் வரையப்பட்ட ஒரு லேண்டர் (தரையிறங்கும் கலம்), கீழ்நோக்கி வளையும் ஒரு கோடு, உயரத்தையும் கிடைமட்ட வேகத்தையும் செங்குத்து வேகத்தையும் சொல்லும் எண்கள், கட்டுப்பாட்டு அறையில் அசையாமல் அமர்ந்திருந்த முகங்கள் ஆகியவைதாம் திரையில் இருந்தன. சுமார் 30 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 1.7 கி.மீ. வேகத்தில் தொடங்கிய அந்த இறக்கம் இருபது நிமிடங்களுக்குள் முடிந்தது. கிடைமட்ட வேகம் படிப்படியாகக் குறைந்து, லேண்டர் நிமிர்ந்து, 150 மீட்டர் உயரத்தில் சற்று நின்று இடம் பார்த்துவிட்டு இறங்கியதை வெறும் எண்களின் மூலமாகவே பார்வையாளர் பின்தொடர முடிந்தது. 2019 செப்டம்பரில் திரையில் சந்திரயான்-2 இன் லேண்டரைக் குறித்த பச்சைப் புள்ளி தன் பாதைக் கோட்டை விட்டு விலகி, 2.1 கி.மீ. உயரம் வரை இயல்பாக இருந்த தொடர்பு அறுந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. லேண்டரின் கேமரா எடுத்த உண்மையான காட்சி மறுநாள்தான் வெளியானது; அதற்காக இஸ்ரோவைக் குறை சொல்வது முறையாகாது. தரையிறங்கும் கலத்தின் சிறிய ஆண்டெனாவிலிருந்து வரும் குறைந்த அளவுத் தரவில் கலத்தின் நலம் பற்றிய செய்திக்கே முதலிடம் தர வேண்டும். நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கியபோதும் அந்தப் புகழ்பெற்ற பாராசூட் காணொளி நான்கு நாட்கள் கழித்தே கிடைத்தது.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. இறுதி நிமிடங்களில் திரை பிரிக்கப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இணைந்த பிரதமரும் அதில் இடம்பெற்றார். இதில் அரசியல் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. யார் பதவியில் இருந்தாலும் அவர் மகிழ்வதைக் காட்டத் தரையிறங்கிய பிறகு வேண்டிய நேரம் இருக்கிறது. உயரம் நூறு மீட்டருக்குக் கீழே வரும் வேளையில் எண்களுக்கு முழுத் திரையும் தேவை. கிரிக்கெட்டில் கடைசிப் பந்து வீசப்படும்போது பார்வையாளர் மாடத்தைக் காட்டும் இயக்குநரை நாம் மன்னிப்பதில்லை.

இரண்டாவது குறை மொழி. அன்று நான் பார்த்த அதிகாரபூர்வ நேரலையில் வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. சந்திரயான்-1 இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-2 இன் திட்ட இயக்குநர் வனிதா, சந்திரயான்-3 இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் ஆகிய மூவரும் தமிழர்கள். 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்பேற்ற நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். தமிழில் விளக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நிறுவனத்தில் பஞ்சம் இல்லை. தமிழ்ச் செய்தி அலைவரிசைகளுக்கு மாறினால் மொழி கிடைக்கும். ஆனால் கூடவே ஓடும் செய்திப் பட்டைகளும், கட்டுப்பாட்டு அறையின் குரலை அமுக்கிவிட்டுப் பேசும் அரங்க விருந்தினர்களும் வந்துவிடுவார்கள். பெர்சிவியரன்ஸ் இறங்கியபோது நாசா தன் ஸ்பானிய மொழி மக்களுக்காகத் தனி ஒளிபரப்பே நடத்தியது. இணையத்தில் கூடுதலாக ஓர் ஒலித்தடம் சேர்ப்பதற்கு ராக்கெட் தொழில்நுட்பம் தேவையில்லை.

மற்றபடி, இஸ்ரோவின் வழக்கமான ஏவுதல் நேரலைகளில் ஒரு மரியாதையான சிக்கனம் உண்டு. கணிக்கப்பட்ட பாதையின் மீது உண்மையான பாதை ஊர்ந்து செல்வதைக் காட்டும் வரைபடமும், ஒவ்வொரு கட்டத்திலும் உணர்ச்சியின்றி ஒலிக்கும் ‘பெர்ஃபார்மன்ஸ் நார்மல்’ என்ற அறிவிப்பும் போதுமானவை. ஏவுதல் முடிந்ததும் தொடங்கும் உரைகளின் வரிசையை மட்டும் பாதியாகக் குறைக்கலாம்.

சேவை என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது நாசாவினுடையது. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட நாசா பிளஸ் தளத்தில் விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. தொலைக்காட்சியிலேயே செயலியாக நிறுவிக்கொள்ளலாம். கேபிள் காலத்து நாசா டிவி அலைவரிசையை 2024 இல் மூடிவிட்டு முழுவதும் இணையத்துக்கு வந்ததில் எனக்கு முதலில் தயக்கம் இருந்தாலும், பழைய நிகழ்ச்சிகளை வேண்டியபோது எடுத்துப் பார்க்க முடிவது பெரிய வசதி. அவர்களுடைய வர்ணனையாளர்களுக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் இறங்கியபோது ஒலித்தது அந்தத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சுவாதி மோகனின் குரல். தொழில்முறை அறிவிப்பாளர் ஒருவர் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் அந்த நம்பகத்தன்மை வந்திருக்காது.

என்னை மிகவும் கட்டிப்போட்டது, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வரும் இடைவிடாத நேரலைதான். நிலையம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருவதால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பகல் வடிந்து, விளிம்பில் ஒரு நீலக் கோடு மட்டும் எஞ்சி, பிறகு திரை முழுவதும் இருண்டுவிடும். தொடர்பு ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் படம் அறுந்து அறிவிப்பு அட்டை தோன்றும். புதிதாகப் பார்ப்பவர் தம் இணைய இணைப்பைத்தான் முதலில் திட்டுவார். சற்றுப் பொறுத்தால் படம் தானாக வந்துவிடும். நாசாவிடம் எனக்குள்ள குறை நீளம்தான். ஒரு கலம் நிலையத்துடன் இணைவதற்கு மணிக்கணக்காகும் என்பது இயற்பியல். அந்த மணிக்கணக்கையும் முன்பதிவு செய்த நேர்காணல்களால் நிரப்ப வேண்டும் என்பது கட்டாயம் அல்ல.

படத்தின் தரத்தில் ஸ்பேஸ்எக்ஸை மிஞ்ச ஆள் இல்லை. விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது சூழும் மின்மமாக்கப்பட்ட வளிமம் தொடர்பைத் துண்டித்துவிடும் என்று பல தலைமுறைகளாகப் படித்து வந்தோம். 2024 மார்ச் 14 அன்று அந்த நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் கலத்தைச் சுற்றி அதே வளிமம் செம்மஞ்சளாகவும் ஊதாவாகவும் ஒளிர்வதை நேரலையாகவே காட்டினார்கள். கலத்தின் மேற்பக்கம் தீப்பிழம்பின் நேர் தாக்குதலுக்கு உள்ளாவதில்லை. அங்கிருந்து மேலே பறக்கும் தங்கள் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அதே ஆண்டு ஜூன் 6 அன்று கலத்தின் ஒரு சிறகு ஓரத்திலிருந்து உருகிக் கிழிந்ததும், தெறித்த துகள்களால் கேமராவின் கண்ணாடி விரிசல் விட்டதும், அப்படியும் அந்தச் சிறகு அசைந்து தன் வேலையைச் செய்ததும் தொலைக்காட்சி வரலாற்றிலேயே நான் பார்த்த மிகச் சிறந்த நேரலைக் காட்சி. அக்டோபர் 13 அன்று ஏவுகோபுரத்தின் இரு கைகள் திரும்பிவந்த கீழ்நிலை ராக்கெட்டைப் பிடித்ததைக்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

இவ்வளவு இருந்தும் அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வர்ணனை பாதி நேரம் விற்பனைப் பேச்சாகவும், மீதி நேரம் ஊழியர்களின் ஆரவாரமாகவும் இருக்கிறது. 2023 முதல் நேரலையை எக்ஸ் தளத்துக்கு மாற்றிவிட்டதால் தொலைக்காட்சியில் பார்ப்பது எளிதாக இல்லை. யூடியூபில் தேடினால், நிறுவனத்தின் பெயரையும் அதன் அதிபர் எலான் மஸ்க்கின் முகத்தையும் போட்டுக்கொண்டு, கிரிப்டோ நாணயத்தை அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவதாகச் சொல்லும் போலி அலைவரிசைகள் முன்னால் வந்து நின்றிருக்கின்றன. திரையில் க்யூஆர் குறியீடு தெரிந்தால் அது மோசடி என்றே கொள்ளலாம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருகிறேன். 1969 இல் அப்பல்லோ 11 நிலவிலிருந்து அனுப்பிய படத்தில் 320 கோடுகளும் நொடிக்கு 10 சட்டகங்களும்தான் இருந்தன. அதை வழக்கமான ஒளிபரப்புக்கு மாற்ற, தரைநிலையத்தில் ஒரு திரையில் படத்தை ஓடவிட்டு அதை இன்னொரு கேமராவால் பிடித்தார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் பார்த்த தெளிவு உலகத்துக்குக் கிடைக்கவில்லை. இன்று அதே கெடுதலை நம் வரவேற்பறையிலேயே, நாம் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி செய்கிறது. இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களைத் தானே கற்பனை செய்து நுழைக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதி, ராக்கெட்டின் சுடரைச் சுற்றிக் கூழ் போன்ற ஓர் ஒளிவட்டத்தை உண்டாக்குகிறது. கோபுரத்தின் கம்பிகள் நெளிகின்றன. வண்ணங்களை மிகைப்படுத்தும் ‘விவிட்’ படநிலையில் வைத்தால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். என் வீட்டு 55 அங்குல எல்இடி தொலைக்காட்சியில் இரண்டையும் நிறுத்தி, ‘சினிமா’ நிலைக்கு மாற்றிய பிறகுதான் சுடரின் நடுவே வரிசையாக நிற்கும் பிரகாசமான முடிச்சுகளைப் பார்க்க முடிந்தது. ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதி ஒவ்வொரு நிறுவனத்தின் அமைப்புப் பட்டியலிலும் ஒவ்வொரு பெயரில், நான்கு படிகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது.

தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இணையவழி நேரலை டிடிஎச் ஒளிபரப்பைவிடப் பல நொடிகள் பிந்தி வருவது வழக்கம். நிலவிலிருந்து செய்தி பூமிக்கு வர ஒன்றேகால் நொடிதான் ஆகிறது. அடுத்த வீட்டில் தூர்தர்ஷன் பார்ப்பவர்கள் கை தட்டிய ஓசை கேட்டு, நம் திரையில் லேண்டர் இன்னும் மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கட்டுப்பாட்டு அறையோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பழைய டிடிஎச் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டாம்.

புதிதாக வாங்குவோருக்கு: இத்தகைய காட்சிகளுக்கு, ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணையக்கூடிய ஓஎல்இடி திரையே சிறந்தது, விலை கட்டுப்படியாகாவிட்டால், பின்னொளியைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் எல்இடி திரையைக் கேட்டு வாங்கலாம். 8கே என்று சொல்லி விற்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நான் பார்க்கும் நேரலைகள் பெரும்பாலும் 4கே அளவைக்கூட எட்டுவதில்லை. மிச்சமாகும் பணத்தில் ரௌட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.