டாக்கர்: மாதக்கணக்கில் ஓட்டும்போது எங்கே இடறும்

ஒரு ஃபிளாஸ்க் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) செயலியையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும், செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கரில் ஏற்றி, 1 ஜிபி ரேம் சர்வரில் ஓடவிடுவது ஒரு சாயங்கால வேலை. அதை மாதக்கணக்கில் விழாமல் வைத்திருக்கும்போதுதான் டாக்கரின் குணம் தெரியும்.

முதல் இடறல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். 5000:5000 என்று போர்ட் திறந்தாயிற்று, 'டாக்கர் பிஎஸ்' போட்டால் கன்டெய்னர் ஓடுவதாகக் காட்டுகிறது, பிரவுசரில் மட்டும் ஒன்றும் வராது. ஃபிளாஸ்க் தானாகக் கேட்பது 127.0.0.1 என்ற லோக்கல்ஹோஸ்ட் முகவரியில். கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் இருப்பதால் அந்த முகவரி அதற்கு உள்ளேயே அடங்கிவிடும். ஃபிளாஸ்க்கின் ஹோஸ்ட்டை 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேட்க) என்று மாற்றினால் திறந்துகொள்ளும். செயலியிலிருந்து டேட்டாபேஸை லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால் கிடைக்காததும் இதனால்தான்; கம்போஸ் கோப்பில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்ட எழுதும் கோப்பு) வைத்த சர்வீஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இமேஜைக் (கன்டெய்னர் தொடங்குவதற்கான அச்சு) கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் வரிசை முக்கியம். ஒரு படி மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லாப் படிகளும் மறுபடி ஓடும். எனவே தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை மட்டும் முதலில் காப்பி செய்து, பிப் இன்ஸ்டால் முடித்து, கடைசியில் கோடைச் சேர்க்கவும். பேஸ் இமேஜுக்கு பைதான் ஸ்லிம் போதும். ஆல்பைன் இன்னும் சிறியதுதான், ஆனால் அதில் ஜிலிப்சி (glibc) என்ற வழக்கமான சி லைப்ரரிக்குப் பதில் மசல் (musl) இருப்பதால் சில பேக்கேஜ்களை அங்கேயே கம்பைல் செய்ய வேண்டிவரும். புதியவருக்கு அந்தத் தலைவலி வேண்டாம். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸும் இப்போதைக்கு வேண்டாம். ஒரே சர்வருக்கு கம்போஸ் தாராளம்.

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் கட்டிய இமேஜ் இன்டெல், ஏஎம்டி சர்வரில் சிப் வகை வேறு என்பதால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று விழும். பில்டு செய்யும்போதே பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று கொடுத்துவிடுங்கள்.

'டாக்கர் ஸ்டாப்' போட்டால் ஒவ்வொரு முறையும் சரியாக 10 விநாடி இழுக்கிறதா? ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். செயலியை ஓட்டும் குனிகார்னுக்கு முன்னால் 'எக்ஸெக்' இல்லாவிட்டால் ஷெல்தான் முதல் பிராசஸாக உட்கார்ந்திருக்கும். நிறுத்தச் சொல்லும் சிக்னல் செயலிக்குப் போகாது. 10 விநாடி பொறுத்துவிட்டு டாக்கர் அடித்து நிறுத்தும், நடுவில் இருந்த ரிக்வெஸ்ட்கள் அறுந்துபோகும். கன்டெய்னர் தானாகவே 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால் முதலில் ரேம் தீர்ந்ததா என்று பாருங்கள்.

சில மாதத்தில் டிஸ்க் நிரம்பும். வழக்கமான ஜேசன் லாக் கோப்புக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு கோப்புக்கு 10 எம்பி, மொத்தம் 3 கோப்பு என்று வரையறுத்துவிடுங்கள். பழைய இமேஜ்கள் அடைத்திருப்பதை 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' காட்டும். துடைக்கலாம், டேட்டா சேமித்திருக்கும் வால்யூமை மட்டும் தொடாதீர்கள். 'கம்போஸ் டவுன்' கட்டளையோடு '-வி' சேர்ந்தால் டேட்டாபேஸ் வால்யூமும் போய்விடும்.

மிகவும் ஆபத்தானது கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட்டைத் திறக்கும் 5432:5432 என்ற ஒரு வரி. டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால், யுஎஃப்டபிள்யூ (UFW) என்ற ஃபயர்வால் கருவியில் அந்தப் போர்ட்டை மூடியிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் இணையத்துக்குத் திறந்தே கிடக்கும். சர்வருக்குள் மட்டும் தேவையென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். செயலியும் அதே கம்போஸில் இருந்தால் அந்த வரியையே எடுத்துவிடலாம்.