எண்டெவர்: ரெண்டாவது தடவை பாத்தாதான் முழுசா புரியுது

எண்டெவர்னு ஒரு பிரிட்டிஷ் டிடெக்டிவ் சீரியல், பழைய இன்ஸ்பெக்டர் மோர்ஸ் சீரியல்ல வர்ற மோர்ஸோட இளவயசு கதை. 9 சீசன் 36 எபிசோடு ரெண்டாவது ரவுண்டு முடிச்சாச்சு, மொத ரவுண்டுல யாரு கொலைகாரன்னு பாத்தேன், இந்த தடவை யாருக்கு என்ன பேரு, பின்னாடி செவுத்துல என்ன போஸ்டர்னு நிறுத்தி நிறுத்தி பாத்ததுல வீட்ல எல்லாரும் எந்திரிச்சு போயிட்டாங்க. முப்பத்தாறையும் எழுதுனது ரஸ்ஸல் லூயிஸ் ஒருத்தர்தான், மனுஷன் ஒளிச்சு வைக்கிறதுல கில்லாடி.

கேம்னு ஒரு எபிசோடு. கதை நடக்குறது 1967, ஆக்ஸ்போர்டுல ஒரு கம்ப்யூட்டர் சோவியத் புரொஃபசரோட செஸ் ஆடுது, அதுக்கு பேரு ஜேசிஎன். நானும் ஏதோ வாயில வந்ததை வச்சிருக்காங்கன்னு தாண்டி போயிட்டேன். இந்த தடவை ஒரு பேப்பர்ல ஐபிஎம்னு எழுதி ஒவ்வொரு எழுத்தா ஒண்ணு முன்னாடி தள்ளி பாத்தேன், ஐ ஜே ஆச்சு, பி சி ஆச்சு, எம் என் ஆச்சு! ஒண்ணு பின்னாடி தள்ளினா என்ன வரும்? ஹெச்ஏஎல், அதாவது 2001 ஸ்பேஸ் ஒடிசி படத்துல வர்ற ஹால்ங்குற கம்ப்யூட்டர். அது தற்செயல்னு அந்த கதைய எழுதுன ஆர்தர் சி கிளார்க் சொல்லிட்டே இருந்தாரு, யாரு கேட்டா. படம் வந்தது 1968, அதனால கதைல யாருக்கும் இது தெரிய வழியே இல்ல, நமக்கு மட்டும் கண்ணடிக்கிறாங்க.

பேப்பர் எடிட்டரா வர்ற டொரத்தியா ஃப்ராசில் இன்னொண்ணு. ஃப்ராசில்னா தண்ணி உறையும்போது மிதக்குற ஐஸ் துணுக்கு, முன்னாடி டொரத்தியாவோட டி போட்டா டி-ஃப்ராசில், ஐஸ உருக்குறது, இங்கிலீஷ்ல தா (thaw). நடிச்சவங்க அபிகேல் தா, பழைய சீரியல்ல மோர்ஸா நடிச்ச ஜான் தாவோட பொண்ணு. 2012 பைலட் கடைசில கார் கண்ணாடில இளவயசு மோர்ஸ் பாக்குறப்ப ஜான் தா கண்ணு தெரியும் பாருங்க, எனக்கு ரெண்டு தடவையும் தொண்டை அடைச்சிருச்சு.

நெஜ சரித்திரத்தையும் சும்மா ஒட்டி வைக்கல. 1968ல ஆக்ஸ்போர்டு சிட்டி போலீஸ தேம்ஸ் வேலி போலீஸோட சேத்தாங்கல்ல, அது அந்த சீசன் முழுக்க ஸ்டேஷன்ல இருக்குறவங்க வயித்துல புளிய கரைச்சுட்டே இருக்கும், நமக்கு யாரும் பாடம் எடுக்க மாட்டாங்க.

ஆனா ப்ரே எபிசோடு எனக்கு ஒத்துக்கல. ஜாஸ் படத்துல சுறா, இங்க புலி, ஆக்ஸ்போர்டுல! சாடை ஓவரா தெரிஞ்சதால கேஸ்ல மனசே ஒட்டல. ரைடுங்குற எபிசோடும் கொஞ்சம் அப்படித்தான், ஏரிக்கரை பங்களா பார்ட்டின்னு ஆரம்பிச்சதுமே தி கிரேட் கேட்ஸ்பி நாவல்னு தெரிஞ்சுபோச்சு.

பழைய மோர்ஸ் பாக்காதவங்க அதுல நாலு எபிசோடாவது பாத்துட்டு இங்க வாங்க. மோர்ஸ எழுதுன கோலின் டெக்ஸ்டரே சில எபிசோடுல கூட்டத்தோட கூட்டமா வந்துட்டு போவாரு, ரெண்டு எடத்துல புடிச்சுட்டேன், மத்ததுல இன்னும் தேடிட்டு இருக்கேன்.